சைபர் என்றால் பூஜ்யம்தானே? அப்படியானால் சைபர் கிரைம்?

தாழ்வாரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எட்டாவது படிக்கிறாள். போன வாரம் அவர்கள் பள்ளியில் சைபர் கிரைம் பற்றி ஒரு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதெல்லாம் நன்றாகவே புரிந்துகொண்டு வந்தாள். இடித்தது பெயர்தான்.

எங்கள் வீட்டில் என் அப்பா போன் நம்பர் சொன்னால் "ஒன்பது நாலு சைபர் சைபர்" என்றுதான் சொல்வார். பூஜ்யம் என்றோ ஜீரோ என்றோ அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அவர் மடியில் உட்கார்ந்து எண் கற்றவள் என்பதால் மகளுக்கும் சைபர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த வட்டம்தான். "சைபர்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? அப்போ சைபர் கிரைம்னா குற்றமே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டருக்குள் எல்லாம் 0, 1 தானே, அதனால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று நான் ஏதோ சொல்லி வைத்தேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. இரண்டும் ஒரே சொல்லா? தெரிந்தவர்கள் சொன்னால் அவளிடம் சரியாகச் சொல்லிவிடுவேன்.

மெய்ப்பு

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. அவளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இரண்டும் வேறு வேறு சொற்கள். பூஜ்யத்தைக் குறிக்கும் சைபரில் ஆங்கிலத்தில் 'ஃப' ஒலி. சைபர் கிரைமில் 'ப' ஒலி, அதுவும் அழுத்தம் குறைந்த ப. தமிழில் இரண்டுக்கும் நாம் ஒரே எழுத்தைப் போடுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. 0, 1 என்று நீங்கள் சொன்ன விளக்கம் பொருந்தாது, ஆனால் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் 30 வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினவன். எண் அட்டவணை வந்தால் ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் அச்சான தாளில் டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். "இரண்டு சைபர் சைபர் நாலு, ஏழு சைபர் மூணு" என்று மணிக்கணக்கில் ஓடும். பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் மூச்சு வாங்கிவிடும். ஓ என்று சொன்னால் ஆங்கில எழுத்தோடு குழம்பும். கை அச்சு நாளில் அந்தக் குழப்பம் ஈயத்திலேயே இருந்தது. பூஜ்யத்துக்கான அச்செழுத்து தீர்ந்துபோனால் அவசரத்துக்குப் பெரிய ஓ எழுத்தை எடுத்துச் செருகிவிடுவார்கள். ஓ கொஞ்சம் அகலம், பூஜ்யம் ஒல்லி. ஒரு பத்தி நிறைய எண்கள் இருக்கும்போது அந்த ஒரு வட்டம் மட்டும் கொழுத்துத் தெரியும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனாலேயே இந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம். தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சைபரின் கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. சமஸ்கிருதத்தில் 'சூன்ய' என்றால் வெறுமை. அதன் வேர்ச்சொல்லுக்கு வீங்குதல் என்று பொருள். வீங்கினது உள்ளே காலியாக இருக்கும் அல்லவா, அப்படி. 628இல் பிரம்மகுப்தர் இந்த வெறுமையை ஒரு எண்ணாகவே எடுத்துக்கொண்டு, அதைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று விதி எழுதினார். குவாலியர் கோட்டையில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்றும் 50 என்றும் வெட்டியிருக்கிறார்கள். ஒன்று நந்தவனத்தின் அளவு, மற்றது தினம் கட்ட வேண்டிய மாலைகளின் கணக்கு. இன்றைக்கு நாம் போடுவதுபோலவே குட்டி வட்டம்.

இந்தக் கணக்கு முறை அரபு நாட்டுக்குப் போனபோது அவர்கள் சூன்யத்தை ஒலியாக எடுத்துக்கொள்ளவில்லை, பொருளை எடுத்துக்கொண்டார்கள். அரபியில் காலி என்பதற்கு 'ஸிஃப்ர்'. அதையே அந்த வட்டத்துக்குப் பெயராக வைத்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி இந்த எண்களைப் பற்றி எழுதியது பிற்பாடு லத்தீனுக்குப் போயிற்று. அவர் பெயர்தான் லத்தீன் வாயில் அல்கோரிட்மி ஆகி, இன்றைக்கு அல்காரிதம் என்று நிற்கிறது.

அப்புறம் இத்தாலி. பைசா நகரத்து லியொனார்டோ, ஃபிபொனாச்சி என்று நாம் சொல்கிறவர், சிறு வயதில் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் புகியா துறைமுகத்தில் வளர்ந்தார். அவர் அப்பாவுக்கு அங்கே பைசா வணிகர்கள் சார்பில் சுங்கத்துறை வேலை. 1202இல் அவர் எழுதிய கணக்கு நூலின் முதல் அத்தியாயமே, இந்தியர்களின் ஒன்பது எண்கள் இவை, இவற்றோடு அரபியில் 'செஃபிரம்' எனப்படும் 0 என்ற குறியும் சேர்ந்தால் எந்த எண்ணையும் எழுதிவிடலாம் என்றுதான் ஆரம்பிக்கிறது. ஸிஃப்ர் லத்தீன் சட்டை போட்டுச் செஃபிரம் ஆயிற்று. அது இத்தாலியில் செஃபிரோ, செவெரோ என்று தேய்ந்து கடைசியில் 'ஜீரோ' ஆனது.

அதே ஸிஃப்ர் இன்னொரு வழியாகவும் ஐரோப்பாவுக்குள் போயிற்று. அங்கே அதன் வடிவம் 'சிஃப்ரா'. பிரெஞ்சில் ஷிஃப்ர், ஜெர்மனில் ஸிஃபர், ரஷ்யனில் ஸிஃப்ரா, ஆங்கிலத்தில் சைஃபர். ஆங்கிலம் அதைப் பூஜ்யம் என்ற பொருளிலேயே ரொம்ப நாள் வைத்துக்கொண்டது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரஷ்யனிலும் அது எந்த இலக்கத்துக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. புதிய முறையில் எல்லோர் கண்ணையும் உறுத்தியது அந்த வட்டம்தான், அதன் பெயரே முழு வரிசைக்கும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் வட்டத்துக்கு வேறு பெயர் தேட வேண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர் இத்தாலியிலிருந்து ஜீரோவை வாங்கினார்கள், ஜெர்மானியர் லத்தீனில் 'ஒன்றுமில்லை' என்பதற்கான சொல்லிலிருந்து 'நுல்' என்று வைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் உடனே வரவேற்றுவிடவில்லை. 1299இல் ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பணமாற்றுக்காரர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் இந்த எண்களை எழுதக் கூடாது என்று விதியே போட்டது. 0க்கு ஒரு வால் இழுத்தால் 6 ஆகும், 9 ஆகும். இதைப் படித்தபோது எனக்கு என் மேஜைதான் ஞாபகம் வந்தது. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும்.

உங்கள் அப்பா சொல்லும் சைபர், அந்த ஆங்கிலச் சைஃபர். வெள்ளைக்காரர் காலத்துக் கணக்குப் பாடத்தோடு வந்து தங்கிவிட்டது. ஆங்கிலேயர்களே ஜீரோவுக்கு மாறிவிட்டார்கள், நம் பெரியவர்கள் இன்னும் விடவில்லை.

இரண்டாவது சைபரை அடுத்த பதிலில் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

கரைவெளி

மெய்ப்பு ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். தமிழ்ச் சைபர் உருதுவிலிருந்து நேராக வந்திருக்கலாமே? உருதுவிலும் பூஜ்யத்துக்கு ஸிஃபர்தான். நவாபு காலத்தில் கச்சேரி, வசூல், ஜமாபந்தி என்று எத்தனை சொல் அப்படி வந்திருக்கிறது!

இன்னொன்று. நான் சவூதியில் ஏழு வருடம் இருந்தேன். போன புதிதில் அரபு எண் பட்ட பாடு சொல்கிறேன். அங்கே 5 எழுதினால் நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. கைபேசி எண்கள் எல்லாம் 05 என்று தொடங்கும். சுவரில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து முதலில் ஒரு மைப்பொட்டு, அப்புறம் பூஜ்யம் என்று நான் படித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த எகிப்துக்காரர் விரலை வைத்து "ஸிஃப்ர், கம்ஸா" என்று காட்டினார். எங்கள் தாத்தா சொல்லும் சைபர் சட்டென்று காதில் விழுந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு சொல் தெரிந்ததும் ஊரே கொஞ்சம் பழகினதுபோல ஆகிவிட்டது எனக்கு.

மெய்ப்பு

கரைவெளி தம்பி, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நானும் முதலில் உருது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த 'சை'யைக் கவனியுங்கள். உருதுவிலிருந்து வந்திருந்தால் சிபர் என்றோ சிப்பர் என்றோ நின்றிருக்கும். 'சி' நீண்டு 'சை' ஆவது ஆங்கிலத்தின் வேலை. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்த அடையாளம் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

அந்தப் புள்ளி விஷயமும் சுவையானது. நம் பழைய நூல்களிலும் பூஜ்யத்துக்கு 'பிந்து' என்று ஒரு பெயர் உண்டு, பிந்து என்றால் புள்ளி அல்லது துளி.

இப்போது இரண்டாவது சைபர். இது கிரேக்கம். 'குபெர்னேதேஸ்' என்றால் கப்பலின் சுக்கானைப் பிடித்து ஓட்டுகிறவர். நம் பழைய தமிழில் மீகாமன். 1948இல் நோர்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணிதர் அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைபர்நெட்டிக்ஸ்' என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தைச் சுடும் பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் வேலையில் இருந்தவர். குறி தவறினால் எவ்வளவு தவறியது என்று பார்த்து, அடுத்த அசைவைத் திருத்திக்கொள்ளும் கருவி வேண்டும். மீகாமன் செய்வதும் அதேதானே? கப்பல் இந்தப் பக்கம் ஒதுங்கினால் சுக்கானை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறான், பார்க்கிறான், மறுபடி தள்ளுகிறான்.

இதே கிரேக்கச் சொல் அதற்கு வெகு முன்பே லத்தீனுக்குப் போய் 'குபெர்னாதோர்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'கவர்னர்' ஆகியிருக்கிறது. நாட்டை ஆள்கிறவரும் கவர்னர், நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவியும் கவர்னர். அந்தக் கருவியைப் பற்றி 1868இல் மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் எழுதிய கட்டுரையை மனதில் வைத்துத்தான் வீனர் பெயரையே தேர்ந்தெடுத்தார். ஆக, உங்கள் மகளின் சைபர் கிரைமுக்கு உறவு கவர்னர் மாளிகையில் இருக்கிறது, பூஜ்யத்தில் இல்லை. 1982இல் வில்லியம் கிப்சன் என்ற எழுத்தாளர் சைபர்நெட்டிக்ஸை நறுக்கி 'சைபர்ஸ்பேஸ்' என்று ஒரு சொல் செய்தார். அந்தத் துண்டு அப்புறம் கிரைம், செக்யூரிட்டி, கஃபே எல்லாவற்றின் முன்னாலும் போய் நின்றுகொண்டது.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது, விட மனமில்லை. சுக்கான் என்றேனே, அது அரபி. மாலுமியும் அரபிதான், 'முஅல்லிம்', ஆசிரியர் என்ற சொல். கப்பலை நடத்தத் தெரிந்த ஆசான். பூஜ்யத்துக்கு நமக்கு வந்த பெயரிலும் அரபி இருக்கிறது, இந்த இன்னொரு சைபரைத் தமிழில் விளக்கப் போனால் அங்கேயும் அரபி வந்து நிற்கிறது. கடல் வழி வந்த உறவு அவ்வளவு நெருக்கம்.

நிரல்மொழி

நான் சர்வர் பக்கம் வேலை பார்க்கிறேன். தினமும் வாயில் வருகிற சொல் குபர்னெட்டிஸ். கூகுள் 2014இல் வெளியிட்ட மென்பொருள். கன்டெய்னர் என்றால் எங்களுக்கு ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி மாதிரி; நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களில் எது எங்கே ஓட வேண்டும் என்று இது பார்த்துக்கொள்ளும், ஒன்று விழுந்தால் தானே இன்னொன்றை எழுப்பும். அதன் சின்னம் ஏழு ஆரம் உள்ள கப்பல் சக்கரம். ஆறு வருடமாக அந்தச் சக்கரத்தைத் திரையில் பார்க்கிறேன், ஏன் கப்பல் என்று கேட்கவே இல்லை. மீகாமன் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மென்பொருள் செய்வதும் ஐயா சொன்ன அதே வேலைதான். என்ன நிலை வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம், இருக்கும் நிலையைப் பார்த்துப் பார்த்து அதை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு கேள்வி: செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதும் மறையாக்கத்தில் நாங்கள் 'சைஃபர்' என்று சொல்கிறோமே, சைஃபர் டெக்ஸ்ட் என்று, அது எந்தச் சைபர்? அதுவும் சைபர் செக்யூரிட்டிக்குள்தான் வருகிறது. எங்கள் டீமில் பாதிப் பேர் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறோம்.

மெய்ப்பு

அது பூஜ்யத்தின் குடும்பம். உளவுச் செய்தி அனுப்புகிறவர்கள் எழுத்துகளுக்குப் பதிலாக எண்ணையும் குறியையும் மாற்றிப் போட்டு எழுதினார்கள். ஐரோப்பாவில் அப்போது சிஃப்ரா என்றால் எண், எனவே எண்ணால் எழுதிய ரகசியத்துக்கும் அதே பெயர். அதனால் சைபர் செக்யூரிட்டி வகுப்பில் சைஃபர் பாடம் நடத்தினால், மீகாமன் வீட்டுக்குள் பூஜ்யம் விருந்தாளியாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியில் இது அழகாகப் பிரிந்து நிற்கிறது. பூஜ்யத்துக்கு 'ஸிஃபிர்' போல ஒலிக்கும் ஒரு சொல், அது அரபியிலிருந்து நேராக வந்தது. பாஸ்வேர்டுக்கு 'ஷிஃப்ரே', அது பிரெஞ்சிலிருந்து. அண்ணனும் தம்பியும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள்.

கரைவெளி

அட, ஐயா! சவூதியில் கட்டணம் கட்டினால்தான் தெரிகிற டிவி சேனல்களை 'முஷஃப்பரா' என்பார்கள். மறைத்து அனுப்பியது என்று பொருள் சொன்னார்கள். அதுவும் இதுதானா?

மெய்ப்பு

அதேதான். அரபியின் ஸிஃப்ர் ஐரோப்பாவுக்குப் போய் ஷிஃப்ர் ஆகி, ரகசியம் என்ற புதுப் பொருளோடு அரபிக்கே 'ஷிஃப்ரா' என்று திரும்பி வந்தது. வீட்டில் அதை அடையாளம் தெரியவில்லை. புதுச் சொல்லாகவே வைத்துக்கொண்டு, அதிலிருந்து முஷஃப்பரா என்று உறுப்பும் வளர்த்துவிட்டார்கள்.

நம் கதையும் அப்படித்தான். நான் சொல்ல வந்ததே இது. அந்தச் சூன்யம் தமிழுக்குள் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சமஸ்கிருதத்திலிருந்து 'சூனியம்' என்று வந்தது; வெறுமை என்ற பொருளோடு வந்து, பில்லி சூனியத்தில் வேறு மாட்டிக்கொண்டது. பிராகிருதம் வழியாகச் 'சுன்னம்' என்று வந்தது. தெலுங்கில் இன்றைக்கும் பூஜ்யம் சுன்னாதான், கன்னடத்தில் சொன்னெ. ஆங்கிலச் சைஃபர் வழியாக 'சைபர்'. இத்தாலி சுற்றி 'ஜீரோ'. சைபரும் ஜீரோவும் சூன்யத்தின் ஒலியைச் சுமக்கவில்லை, அரபியர் செய்த மொழிபெயர்ப்பைச் சுமந்து வந்தன. ஆனாலும் குறிப்பது அதே வட்டம், அதே வெறுமை. நான்கும் ஒரே அகராதியில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. சூனியக்காரி என்று கதை சொல்கிறோம், ஜீரோ பேலன்ஸ் என்று வங்கியில் சொல்கிறோம், நடுவில் இருக்கும் உறவு யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு இது தெரிந்த நாளில் ராத்திரி தூக்கம் வரவில்லை.

தாய்லாந்துக்காரர்களும் சூன்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் 'சூன்' என்றால் பூஜ்யம், மையம் என்பதற்கும் அதுவே. மலாயில் 'கோசோங்', காலி என்று பொருள், போன் நம்பரில் அதைத்தான் சொல்வார்கள். மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். அரபியர்கள் செய்த அதே காரியம், ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொள்வது.

தாழ்வாரம்

ஐயா, படிக்கப் படிக்க நேரம் போனதே தெரியவில்லை. இன்னும் இரண்டு மட்டும். பூஜ்யம் என்ற சொல் இந்தக் கணக்கில் வரவில்லையே? அப்புறம் தமிழ் எண்களில் பூஜ்யம் உண்டா? மகள் கேட்கிறாள்.

மெய்ப்பு

பூஜ்யம் வேறு குடும்பம் அம்மா. 'பூஜ்ய' என்றால் வணங்கத்தக்க என்று பொருள், பூஜைக்குச் சொந்தம். எண்ணுக்கு அந்தப் பெயரைத் தமிழும் மலையாளமும் வைத்திருக்கின்றன.

பழைய தமிழ் எண்முறைக்கு வட்டம் தேவைப்படவில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. 205 எழுத வேண்டுமானால் ௨௱௫, இரண்டு நூறு ஐந்து, வாயால் சொல்வதை அப்படியே எழுதுவது. நடுவில் காலி இடமே விழாது. பிற்பாடு இடமதிப்பு முறைக்காக ௦ சேர்த்துக்கொண்டோம். கணினிக்கான ஒருங்குறியில் (யூனிகோட்) மற்றத் தமிழ் எண்கள் முன்பே இருந்தன, இந்த வட்டம் 2005இல்தான் 4.1 பதிப்பில் வந்தது. பாப்பாவிடம் 205ஐ இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

தாழ்வாரம்

எழுதிப் பார்த்தாள். ௨௱௫, அதற்குக் கீழே ௨௦௫. பிறகு நோட்டில் ஒரு பக்கம் ஆய்தம் போட்டுச் 'சைஃபர்' என்று எழுதி வட்டம் வரைந்திருக்கிறாள், எதிர்ப்பக்கம் 'சைபர்' என்று எழுதிக் கப்பல் வரைந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் அப்பா யாருக்கோ நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "தாத்தா, அது ஃப" என்றாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, உதட்டைப் பல்லில் வைத்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நம்பரைச் சொன்னார்.